64 மார்க் வாங்கிய அமெரிக்க மாணவி

நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை. இங்கிலாந்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. ஒஹையோவில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கும் மாணவி, ஒரு பருவத்துக்கு மட்டும் இங்கே வந்திருக்கிறாள். விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, லேப்டாப்பில் தன் முதல் கட்டுரையின் மதிப்பெண்ணைத் திறக்கிறாள். 64. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து 90-க்குக் கீழே இறங்கிப் பழக்கமில்லாதவள். அவள் ஊர்க் கணக்கில் 64 என்றால் ‘டி’. அதற்கும் கீழே இருப்பது ‘எஃப்’, அதாவது ஃபெயில். இன்று அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். இன்னும் சில மணி நேரத்தில் வீட்டில் மொத்தக் குடும்பமும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும். பிரிட்டனில் யாருக்கும் அது பண்டிகை இல்லை. காலையில் வழக்கம்போல் வகுப்பு நடந்தது. பொதுச் சமையலறையில், அதே வகுப்பில் படிக்கும் பிரிட்டிஷ் மாணவன் 62 வாங்கிவிட்டு நிம்மதியாக டீ போட்டுக்கொண்டிருக்கிறான்.

இந்த மாணவியை உதாரணத்துக்காகச் சொல்கிறேன். ஆனால் பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் அமெரிக்கர்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒரு மாலை வந்தே தீரும். மழைக்கும் குளிருக்கும் உச்சரிப்புக்கும் தயாராகித்தான் விமானம் ஏறுகிறார்கள். படிப்பு என்கிற விஷயமே இங்கே வேறு அடித்தளத்தில் நிற்கிறது என்பதற்கு மட்டும் யாரும் அவர்களைத் தயார்ப்படுத்துவதில்லை. ஜப்பானுக்குப் போகிறவர் எல்லாமே மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தே போவார். பிரிட்டனில் பேச்சும் எழுத்தும் ஆங்கிலமாக இருப்பதால், மற்றதும் வீட்டைப்போலவே இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது.

கல்லூரிப் படிப்பின் நடுவே வெளிநாடு போய்வரும் வழக்கம் அமெரிக்காவில் நூறாண்டுப் பழசு. 1923-ல் டெலவேர் பல்கலைக்கழகம் 8 மாணவர்களை பிரான்ஸுக்கு அனுப்பியதுதான் தொடக்கம் என்பார்கள். 2022-23 கல்வியாண்டில் அப்படிப் போனவர்கள் சுமார் 2.8 லட்சம் பேர். இத்தாலி, பிரிட்டன், ஸ்பெயின் மூன்றும்தான் அவர்கள் அதிகம் தேர்ந்தெடுத்த நாடுகள். இவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களோ ஒரு பருவமோதான் தங்குகிறார்கள். முழு ஆண்டும் தங்குகிறவர்கள் மிகக் குறைவு.

அந்த 64-க்கு வருவோம்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 40 எடுத்தால் தேர்ச்சி. 70-க்கு மேல் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 50 முதல் 59 வரை கீழ்ப்பிரிவு, அதற்கும் கீழே மூன்றாம் வகுப்பு. இலங்கையில் பட்டம் பெற்றவர்களுக்கு இந்த வகுப்புப் பெயர்களை விளக்கவே வேண்டாம். அங்கே இன்றும் இதுதான் வழக்கு. தமிழ்நாட்டிலும் 60-ஐத் தொட்டால் முதல் வகுப்பு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவே 64 வாங்கிய பிள்ளைக்கு நம் வீட்டில் யாரும் ஆறுதல் சொல்லப் போவதில்லை, காபி போட்டுக் கொடுப்பார்கள். மேற்பிரிவு இரண்டாம் வகுப்பு என்பது பிரிட்டனில் பல முதுகலைப் படிப்புகளும் வேலைகளும் கேட்கும் தகுதி. கலைப் பாடங்களில் 75 என்பதே அரிது. 80-ஐத் தாண்டினால் துறை முழுக்க அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசுவார்கள். கணிதம் போன்ற பாடங்களில் மட்டும் 90-களைப் பார்க்கலாம், அங்கே விடை சரியா தப்பா என்று சொல்லிவிட முடியும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் நூறு என்ற கணக்கே கிடையாது. 20-க்குத்தான் மதிப்பெண், 16.5 எடுத்தால் முதல் வகுப்பு.

அமெரிக்க நிலவரம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. ஹார்வர்டில் மாணவர்களுக்கு மிக அதிகமாக வழங்கப்படும் கிரேடு ‘ஏ’ தான் என்று 2013-ல் அதன் டீன் ஒருவரே ஆசிரியர் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். அங்கே ‘பி’ வாங்குவது ஏதோ தவறு நடந்துவிட்டதற்கு அடையாளம். அந்தக் காற்றைச் சுவாசித்தவர் கையில் 64-ஐக் கொடுத்தால் என்ன ஆகும்?

இதெல்லாம் வெறும் அளவுகோல் வித்தியாசம், ஒரு மாற்று அட்டவணை இருந்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். அட்டவணைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் பாடம் நடத்துகிறவர்தான் கேள்வித்தாள் தயாரிப்பவர், திருத்துபவர், கிரேடு போடுபவர். எல்லாம் ஒரே ஆள். பிரிட்டனிலோ சொல்லிக்கொடுப்பதும் மதிப்பிடுவதும் இரண்டு தனி வேலைகள் என்ற எண்ணம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது.

நம் பிளஸ் டூ பொதுத் தேர்வை எண்ணிப் பாருங்கள். கணக்கு வாத்தியார் ஆண்டு முழுக்க உயிரைக் கொடுத்து நடத்துவார், திட்டுவார், ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார். விடைத்தாளைத் திருத்துவதோ வேறு எங்கேயோ இருக்கும், நம் முகம் தெரியாத ஒருவர். அதனால் வாத்தியாரும் நாமும் ஒரே கட்சி. அந்த முகம் தெரியாதவரை எப்படித் திருப்திப்படுத்துவது என்பதுதான் இருவருக்கும் கவலை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் மனநிலை ஏறக்குறைய இதுதான். நடைமுறையில், பாடம் நடத்தியவரே முதலில் திருத்துவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். துறையில் இன்னொருவர் அதை மறுபடி பார்ப்பார், அல்லது ஒரு கட்டு மாதிரித் தாள்களை எடுத்துச் சரிபார்ப்பார். அதற்கும் மேலே வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வெளித் தேர்வாளர், இங்கே போடப்படும் 64 மற்ற இடங்களில் போடப்படும் 64-க்கு நிகர்தானா என்று பார்த்துச் சொல்வார். கடைசியில் தேர்வுக் குழு கூடி முடிவைக் கையெழுத்திடும்.

இந்த வெளித் தேர்வாளர் முறைக்கு வேர் 1830-களில் இருக்கிறது. 1832-ல் புதிதாகத் தொடங்கப்பட்ட டர்ஹம் பல்கலைக்கழகம், தன் பட்டத்தை யாரும் குறைத்து மதிக்கக் கூடாது என்று ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்தது. 1836-ல் அரச சாசனம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. அது பாடமே நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பு. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அப்படியே எடுத்துக்கொண்ட அச்சு இந்த லண்டன் அச்சுதான். இணைவுக் கல்லூரி, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், விடைத்தாளில் டம்மி நம்பர் என்று நமக்கு வாழ்க்கையோடு ஒட்டிப்போன எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஒஹையோ மாணவி விழித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் மதுரைக்காரரோ யாழ்ப்பாணத்துக்காரரோ சட்டென்று வழி கண்டுபிடித்துவிட இதுவும் ஒரு காரணம்.

இந்த ஒரு பிரிவினையிலிருந்து பல விஷயங்கள் கிளைக்கின்றன. அமெரிக்காவில் மதிப்பெண் குறைந்தால் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டலாம். ஏன் குறைந்தது என்று கேட்கலாம், எக்ஸ்ட்ரா கிரெடிட்டுக்கு, அதாவது கூடுதல் மதிப்பெண்ணுக்கு, ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவாகப் பார்க்கப்படுவதில்லை, அக்கறையாகவே எடுத்துக்கொள்வார்கள். அதே பழக்கத்தில் பிரிட்டனில் ஆசிரியரைத் தேடிப் போனால், அடுத்த கட்டுரையை எப்படி நன்றாக எழுதலாம் என்று அரை மணி நேரம் பொறுமையாகப் பேசுவார். எண்ணை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை, அது அவர் கையில் மட்டும் இல்லை. திருத்திய முறையில் பிழை நடந்திருந்தால் முறையிடலாம். கட்டுரையின் தரம் இவ்வளவுதான் என்ற கல்வித் தீர்ப்பை எதிர்த்து முறையிட முடியாது.

அடுத்தது நேரம். வந்த முதல் வாரத்தில் கால அட்டவணையைப் பார்க்கும் அமெரிக்க மாணவர்கள் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றே நினைக்கிறார்கள். கலைப் பாடங்களில் வாரம் எட்டு, பத்து மணி நேரம்தான் வகுப்பு. மற்ற நேரமெல்லாம் விடுமுறையா? கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு பாடத்தின் எடையைக் கிரெடிட் என்ற அலகில் அளப்பார்கள். பிரிட்டனில் 1 கிரெடிட் என்பது 10 மணி நேரப் படிப்பு. 20 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 200 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதில் வகுப்பறையில் கழிவது இருபது, முப்பது மணி நேரம்தான். மீதியை மாணவரே நூலகத்தில் செலவிட வேண்டும், யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1 கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பும் என்று கணக்கு. 15 வாரப் பருவத்துக்கு 45 மணி நேரம் ஆகிறது. பிரிட்டனின் 20 கிரெடிட்டை அங்கே 5 கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார்கள், அதாவது 225 மணி நேரம். மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு ஆசிரியர் முன்னால் நடக்கிறது, வாராவாரம் ஒரு வினாடி வினா, ஒரு சின்னக் கட்டுரை, இடைத் தேர்வு என்று யாரோ பின்னால் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த அமெரிக்கக் கிரெடிட்டுக்குச் சுவையான ஒரு வரலாறு உண்டு. 1905-ல் எஃகுத் தொழிலில் பெரும்பணம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர ஒரு அறக்கட்டளை அமைத்தார். எந்தக் கல்லூரிக்குப் பணம் தரலாம் என்று முடிவு செய்ய, எது கல்லூரி என்று முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பாட நேரத்தை அலகாக வைத்து எண்ணத் தொடங்கினார்கள். ஓய்வூதியம் வேண்டும் என்பதற்காகப் பள்ளிகளும் கல்லூரிகளும் அந்த அலகை ஏற்றுக்கொண்டன. இன்று நம் கல்லூரிகளிலும் கிரெடிட், சி.ஜி.பி.ஏ. என்று புழங்கும் வழக்கம் கார்னகியின் அந்தப் பென்ஷன் கணக்கிலிருந்து கிளைத்து வந்ததுதான். அடியில் லண்டன் அச்சும் மேலே அமெரிக்கப் பூச்சுமாக நாம் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறோம்.

முதல் வகுப்பிலேயே கொடுக்கப்படும் புத்தகப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது தலைப்புகள் இருக்கும். ‘அவசியம் படிக்க’ என்று சில, ‘மேலும் படிக்க’ என்று பக்கம் பக்கமாக மீதி. அமெரிக்காவில் பாடத்திட்டத் தாளில் போட்டிருப்பதையெல்லாம் அந்தந்த வாரம் படித்தாக வேண்டும். அதே நினைப்பில் நம் மாணவி நாற்பதையும் படிக்க உட்காருகிறாள். இரண்டாம் வாரத்தில் தூக்கம் போகிறது. பக்கத்து அறைப் பையன் மூன்றைத்தான் தொட்டிருக்கிறான், ஆனால் அந்த மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும் புத்தகங்கள். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எழுதுவதுதான் கட்டுரை. பட்டியலிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கத் தெரிவதும் படிப்பில் அடக்கம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. பிரிட்டிஷ் மாணவன் பதினெட்டு வயதிலேயே ஒரே பாடத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குத்தான் விண்ணப்பித்தான். அமெரிக்க மாணவி முதல் இரண்டு ஆண்டும் வேதியியல், நாடகம், பொருளாதாரம் என்று பலதையும் ருசி பார்த்துவிட்டு அப்புறம்தான் வரலாற்றுக்கு வந்தாள். அவளுக்குத் தெரிந்த பல விஷயங்கள் இவனுக்குத் தெரியாது. ஆனால் வரலாற்று வகுப்பில் அவள் அவனைவிட இரண்டு ஆண்டு பின்னால் நிற்கிறாள்.

ஆக்ஸ்ஃபோர்டில் இந்த ஏற்பாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே ஒரு பருவம் எட்டே வாரம். வகுப்பின் உயிர் டியூட்டோரியல், அதாவது ஒன்றிரண்டு மாணவர்கள் மட்டும் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும் வகுப்பு. கேம்பிரிட்ஜில் அதையே சூப்பர்விஷன் என்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஓராண்டுக்கு வரும் விசிட்டிங் மாணவர் வழக்கமாக ஒரு பாடத்தில் வாரம் ஒன்றாக எட்டு டியூட்டோரியலும், இன்னொன்றில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நாலும் எடுப்பார். எட்டு வாரத்தில் பன்னிரண்டு கட்டுரை. ஆசிரியரின் அறை, நாலு பக்கமும் புத்தகம், இரண்டு நாற்காலி. விடிய விடிய எழுதிய கட்டுரையை மாணவர் உரக்கப் படிப்பது பழைய வழக்கம், சிலர் இன்றும் அப்படியே செய்யச் சொல்கிறார்கள். இரண்டாவது பத்தியில் ஆசிரியர் கையைத் தூக்குவார். ‘அந்தக் காலத்து மக்கள் என்று எழுதியிருக்கிறாய். எந்த மக்கள்?’ என்பார். ஒளிந்துகொள்ள முப்பது பேர் கொண்ட வகுப்பு இல்லை. ‘இந்தப் புத்தகத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது’ என்றால், ‘அவர் சொன்னது இருக்கட்டும், நீ என்ன நினைக்கிறாய்?’ என்று அடுத்த கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டின் சொந்த மாணவர்களுக்கு இந்த வாராந்திரக் கட்டுரைகளின் மதிப்பெண் பட்டத்தில் சேராது. கடைசித் தேர்வுகள்தான் தீர்மானிக்கும். அதனால்தான் துணிந்து தப்பாகவும் எழுதிப் பார்க்க முடிகிறது. வருகை மாணவர்களுக்கு மட்டும், ஊரில் அவர்கள் கல்லூரி கேட்பதால், டியூட்டரே கிரேடு எழுதித் தருகிறார். அந்தச் சுதந்திரத்தில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

மொழி ஒன்று என்றேன். அதிலும் சறுக்கல் உண்டு. கட்டுரையின் அடியில் ஆசிரியர் ‘குவைட் குட்’ என்று எழுதியிருந்தால் அமெரிக்கருக்கு அது ‘ரொம்ப நன்று’. பிரிட்டிஷ்காரர் எழுதியதோ ‘பரவாயில்லை’. காலையில் சமையலறையில் எதிர்ப்படுகிறவர் ‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்டால், என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று அமெரிக்க மாணவி பதறுவாள். நம் ‘சாப்பிட்டாச்சா?’ மாதிரிதான் அதுவும். யாரும் மெனுவை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. கோர்ஸ் என்றால் அவளுக்கு ஒரு பாடம், இங்கே மூன்றாண்டுப் படிப்பு மொத்தமும். முதல் மாடி என்று சொன்ன அறையைத் தரைத்தளத்தில் தேடுவாள், நாம் தேட மாட்டோம். ஊரில் எல்லா ஆசிரியரையும் ‘புரொஃபசர்’ என்று அழைத்தவள், இங்கே அது மிகச் சிலருக்கே உரிய உயர்பதவி என்று அறிந்து திகைப்பாள். மற்றவர்களை டாக்டர் என்றோ, பல இடங்களில் வெறும் பெயர் சொல்லியோ அழைக்க வேண்டும். சார், மேடம் என்று வளர்ந்த நமக்கு இந்தக் கடைசி வழக்கம் அவளைவிடவும் கஷ்டம்.

தனிமை இதையெல்லாம்விடப் பெரியது. அமெரிக்க விடுதியில் ஒரே அறையில் இன்னொருவர் இருப்பார், சாப்பாட்டுக் கூடத்தில் நூறு பேர் இருப்பார்கள். பிரிட்டிஷ் விடுதியில் பெரும்பாலும் தனி அறை, ஐந்தாறு பேருக்கு ஒரு சமையலறை, சமையல் அவரவர் பாடு. கதவைச் சாத்திக்கொண்டால் இரண்டு நாள் யாரையும் பார்க்காமல் இருந்துவிட முடியும். பதினெட்டு வயதில் மது அருந்தலாம் என்பதால் நட்பு பெரும்பாலும் பப்பில் தொடங்குகிறது. ஊரில் 21 வயதுவரை சட்டம் தடுத்த ஒன்று இங்கே வகுப்பு முடிந்ததும் சாதாரணமாக நடக்கிறது. குடிக்காதவர்கள் கையில் ஒரு ஜூஸை வைத்துக்கொண்டு அதற்குள் நுழையப் பழக வேண்டியிருக்கிறது.

1955 அக்டோபரில் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரிக்கு வந்த அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தும் பிரிட்டனின் குளிரோடு மல்லுக்கட்டியவர்தான். காசு போட்டால் எரியும் கேஸ் கணப்புக்கு அருகே ஒண்டிக்கொண்டு படித்த காலம் அது. அடுத்த பிப்ரவரியில் ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸைச் சந்தித்தார், 1956 ஜூன் 16 அன்று லண்டனில் திருமணம். கல்லூரியும் ஃபுல்பிரைட்காரர்களும் என்ன சொல்வார்களோ என்று பயந்து அதைச் சில மாதம் மறைத்து வைத்தார்கள். கடைசியில் சொன்னபோது இரண்டு தரப்புமே மறுப்புச் சொல்லவில்லை. உதவித்தொகையில் படிக்கும் வெளிநாட்டு மாணவி எவ்வளவு அஞ்சி அஞ்சி வாழ வேண்டியிருந்தது என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டுகின்றன.

ஆனால் இந்தக் கதைகளில் என்னை மிகவும் உலுக்கியது ஆலன் லாக்கின் கதை. பிலடெல்ஃபியாவில் பிறந்து ஹார்வர்டில் படித்த கறுப்பின இளைஞர். 1907-ல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்றார். தென்னாப்பிரிக்காவில் வைரச் சுரங்கத்தில் செல்வம் சேர்த்த ஆங்கிலேயர் செசில் ரோட்ஸின் உயிலில் உருவான அந்த உதவித்தொகையில் அமெரிக்கர்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வரத் தொடங்கியது 1904-ல்தான். மூன்றே ஆண்டில், முதல் கறுப்பினத்தவராக லாக். இனம் காரணமாக யாரையும் விலக்கக் கூடாது என்று உயிலில் ஒரு வரி இருந்தது. ரோட்ஸ் அதை எழுதியபோது அவர் மனதில் இருந்தது ஆங்கிலேயரும், தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களும்தான் என்பார்கள், இருந்தாலும் அந்த வரி லாக்குக்குத் துணை நின்றது. பல கல்லூரிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. ஹெர்ட்ஃபோர்ட் கல்லூரி சேர்த்துக்கொண்டது. அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அறங்காவலர்களிடம் போய் நின்றவர்கள் யார் தெரியுமா? அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்த ரோட்ஸ் மாணவர்கள். அறங்காவலர்கள் இசையவில்லை. அந்த நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க மாணவர்கள் தேங்க்ஸ்கிவிங் விருந்து வைத்தபோது லாக்குக்கு அழைப்பு இல்லை. ஊரைவிட்டு மூவாயிரம் மைல் தள்ளி வந்தும், சொந்த நாட்டுப் பந்தியிலிருந்து விலக்கப்பட்டார்.

அவர் போய் உட்கார்ந்த இடம் வேறு. காஸ்மோபாலிட்டன் கிளப் என்ற மாணவர் மன்றத்தில் இந்தியா, எகிப்து, தென்னாப்பிரிக்கா என்று ஆளப்பட்ட நாடுகளின் பிள்ளைகள் கூடினார்கள். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உருவாகக் காரணமாக இருந்த பிக்ஸ்லி செமே அந்த வட்டத்தில் ஒருவர். லாக் ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்காமலேயே பெர்லினுக்குப் போனார். 1925-ல் அவர் தொகுத்த ‘தி நியூ நீக்ரோ’ நியூயார்க்கில் கறுப்பினக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் எழுப்பிய ஹார்லெம் மறுமலர்ச்சியின் அடிப்படை நூலானது. அவருக்குப் பிறகு அடுத்த கறுப்பின அமெரிக்கர்கள் ரோட்ஸ் மாணவர்களாக வர 1963 ஆனது. பெண்களுக்கு 1977 வரை அந்தக் கதவு மூடியே இருந்தது.

லாக்குக்கு நேர்ந்ததில் இன்றைக்கும் பொருந்தும் ஒரு விஷயம் இருக்கிறது. பல அமெரிக்கக் கல்லூரிகள் லண்டனில் தங்கள் மாணவர்களுக்கென்றே கட்டடம் பிடித்து, தங்கள் ஆசிரியர்களையே கூட்டி வந்து வகுப்பு நடத்துகின்றன. பாதுகாப்பு, வசதி எல்லாம் உண்டு. ஆனால் நாலு மாதமும் அமெரிக்கர்களோடே கழிந்துவிடும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்கிறவர்களுக்கும் பிரிட்டிஷ் நண்பர்கள் உடனே கிடைத்துவிடுவதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் முதலாண்டிலேயே கூட்டம் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் கைகொடுப்பது நைஜீரியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த இன்னொரு வெளியூர்ப் பிள்ளைதான். அந்தச் சமையலறை நட்பு கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள் என்பேன்.

உரசல் படிப்போடு நிற்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் ஆண்டுதோறும் மோதும் படகுப் பந்தயம் ஒன்று உண்டு. 1987-ல் ஆக்ஸ்ஃபோர்டின் அணியில் இருந்த அமெரிக்கர்கள் பயிற்சி முறையையும் ஆள் தேர்வையும் எதிர்த்துக் கொடி தூக்கினார்கள். கடைசியில் விலகியும் போனார்கள். மீதியிருந்தவர்களைத் திரட்டிக்கொண்டு இறங்கிய ஆக்ஸ்ஃபோர்ட் நாலு படகு நீளத்தில் கேம்பிரிட்ஜை வென்றது.

பணமும் விசாவும் பற்றி ஓரிரு வார்த்தை. ஆறு மாதத்துக்குள் முடியும் படிப்பென்றால் அமெரிக்கர்கள் பார்வையாளராகவே வரலாம். 2025 ஜனவரி 8 முதல் அதற்கு முன்கூட்டியே மின்னணு அனுமதி வாங்க வேண்டும். பகுதிநேர வேலை செய்யக் கூடாது. அதற்கு மேல் தங்கினால் மாணவர் விசா, கூடவே ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம். முழுப் பட்டத்துக்கே வருகிறவர்களின் கணக்கு வேறு. இங்கிலாந்தில் மூன்றாண்டில் படிப்பு முடிகிறது, அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் செலவு குறைவு, அமெரிக்க அரசின் கல்விக் கடனைப் பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் பயன்படுத்தவும் முடியும். செயின்ட் ஆண்ட்ரூஸில் அமெரிக்கர்கள் நிறையப் பேர் சேர இன்னொரு காரணமும் உண்டு. ஸ்காட்லாந்தில் பட்டப் படிப்பு நாலாண்டு, முதல் இரண்டு ஆண்டில் பல பாடங்களைத் தொட்டுப் பார்க்கலாம். அந்த வடிவம் அவர்களுக்குப் பழக்கமானது. வந்தவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல்லும் முதல் ஆச்சரியங்களில் ஒன்று டாக்டர். காய்ச்சலென்று ஜி.பி. எனப்படும் பகுதி டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது பணம் கட்டும் கவுன்டரைத் தேடுவார்கள், அப்படி ஒன்றே இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி வளர்ந்த நமக்கு அவர்கள் அதிசயிப்பதுதான் அதிசயம்.

நாள்காட்டியும் ஒத்துப்போவதில்லை. பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் இலையுதிர் பருவத்தின் தேர்வு ஜனவரியில். அமெரிக்க மாணவிக்கோ ஜனவரியில் ஊரில் அடுத்த பருவம் தொடங்கிவிடும், கிறிஸ்துமஸுக்கு முன்பே விமானம் ஏற வேண்டும். அதனால் வருகை மாணவர்களுக்குத் தேர்வுக்குப் பதிலாகக் கடைசி வாரத்தில் ஒரு பெரிய கட்டுரை கேட்பார்கள். நம் மாணவி எழுதியதும் அப்படி ஒன்றுதான். மூன்று புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும் வரை நூலகத்தில் ஒரே மேசை.

பிப்ரவரியில் மதிப்பெண் பட்டியல் ஒஹையோவுக்கு வந்து சேர்கிறது. 68. ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் அட்டவணையை வைத்து 20 கிரெடிட்டை 5 ஆக்குகிறார்கள். பல அமெரிக்கக் கல்லூரிகளைப்போல் அவள் கல்லூரியும் வெளிநாட்டுப் பருவத்தின் கிரெடிட்டை மட்டும் சேர்த்துக்கொள்கிறது, மதிப்பெண்ணை ஜி.பி.ஏ. என்கிற கிரேடு சராசரியில் சேர்ப்பதில்லை. 64-ம் போயிற்று, 68-ம் போயிற்று. அதற்குள் புதிய பருவத்தின் வகுப்புகள் ஓடத் தொடங்கிவிட்டன. பேராசிரியர் கொடுத்த பாடத்திட்டத் தாளில் எல்லாம் தெளிவாக இருக்கிறது: வருகைக்கு 10 சதவீதம், வினாடி வினாவுக்கு 20, இடைத் தேர்வுக்கு 30, ஒவ்வொரு வாரமும் எத்தனையாவது பக்கத்திலிருந்து எத்தனையாவது பக்கம் வரை. அவள் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் தாளைத் திருப்புகிறாள். ‘மேலும் படிக்க’ என்ற பகுதியைத் தேடுகிறாள்.